ஒண்டிப்புதூர் ஸ்டேடியம்: முப்பதாயிரம் பேர் எப்படி வீடு போய்ச் சேருவார்கள்?

22.11.2025, காலை. சூலூர் வாசகர் கேட்டது

கோவை மெட்ரோ திட்ட அறிக்கையை டெல்லி திருப்பி அனுப்பிவிட்டது. மெட்ரோ இல்லாத ஊருக்கு சர்வதேச கிரிக்கெட் ஸ்டேடியம் எதற்கு? அதற்குப் பதில் நேரு ஸ்டேடியத்தைப் பெரிதாக்கினால் ஊருக்கு நடுவிலேயே வேலை முடியுமே. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

22.11.2025, இரவு

இரண்டையும் முடிச்சுப் போடாதீர்கள். மெட்ரோவில் கேட்டது இரண்டு தடம். ஒன்று உக்கடத்தில் ஆரம்பித்து அவிநாசி ரோட்டில் நீலாம்பூர் வரை. இன்னொன்று ஜங்ஷனில் ஆரம்பித்து சத்தி ரோட்டில் வலியாம்பாளையம் பிரிவு வரை. மொத்தம் 34.8 கிலோமீட்டர், 10,740 கோடி ரூபாய். இதில் திருச்சி ரோடு எங்கே வருகிறது? ஸ்டேடியத்துக்குப் பார்த்திருக்கும் இடம் ஒண்டிப்புதூர் திறந்தவெளிச் சிறை நிலம். நாளைக்கே டெல்லி ஒப்புதல் கொடுத்தாலும் ஸ்டேடியத்துக்கு மெட்ரோ வராது. வராத ரயிலைக் காரணம் காட்டி ஸ்டேடியம் வேண்டாம் என்பது ஒரு வேடிக்கை. அதே ரயிலை நம்பி ஸ்டேடியம் வேண்டும் என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், அது அதைவிட வேடிக்கை.

திருப்பி அனுப்பியதற்குச் சொன்ன காரணம் 2017 மெட்ரோ கொள்கை: 20 லட்சம் மக்கள்தொகை வேண்டும், 2011 கணக்கெடுப்பில் கோவை மாநகராட்சி 15.85 லட்சம்தான். பதினாலு வருஷத்துப் பழைய கணக்கு. அதைப் பற்றித் தனியாகச் சண்டை போடலாம், இங்கே வேண்டாம்.

நேரு ஸ்டேடியம் பற்றி நாளைக்கு எழுதுகிறேன், தூக்கம் வருகிறது.

23.11.2025

நேரு ஸ்டேடியத்தின் இடம் அருமையான இடம், அதில் மறுபேச்சு இல்லை. காந்திபுரத்திலிருந்து நடந்து வரலாம், ஜங்ஷனிலிருந்தும் நடந்து வரலாம். 2019 மார்ச் 9 அன்று சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபை 3-1 என்று ஜெயித்து ஐ-லீக் கால்பந்துக் கோப்பையைத் தூக்கியது இந்த மைதானத்தில்தான். ஆட்டம் முடிந்து ஜனம் நாலு பக்கமும் பிரிந்து போய்விட்டது. நானும் காந்திபுரம் நடந்துபோய்த்தான் பஸ் ஏறினேன். கூட்டம் கலைவதற்கு அதைவிட நல்ல இடம் இந்த ஊரில் கிடையாது.

ஆனால் அதைப் பெரிதாக்க முடியாது. சுற்றிலும் கடைகள், ஒரு பக்கம் வ.உ.சி. பூங்காவும் மைதானமும். உள்ளே ஓட்டப்பந்தயத் தடமும் கால்பந்து மைதானமும். தினமும் காலையில் அங்கே ஓடுகிற பிள்ளைகளை விரட்டிவிட்டு கிரிக்கெட் பிட்ச் போடுவதா? கேலரியை மேலே உயர்த்தலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உயர்த்தலாம். மேலே ஏறின ஜனம் இறங்கி வர வாசலும், வாசலுக்கு வெளியே நிற்க இடமும் யார் கொடுப்பது?

சேப்பாக்கத்தில் இது நடந்திருக்கிறது. 2011 புதுப்பிப்பில் கட்டிய ஐ, ஜே, கே கேலரிகள் அனுமதிச் சிக்கலில் பல வருஷம் பூட்டியே கிடந்தன. அதனாலேயே 2019 ஐபிஎல் இறுதி ஆட்டம் சென்னையை விட்டு ஹைதராபாத் போனது. கட்டி முடித்த கேலரி, உட்கார ஆளும் ரெடி, ஆனால் பூட்டு. சீட் எண்ணிக்கையை மட்டும் பார்த்துக் கட்டினால் இதுதான் கதி.

23.11.2025, சாயங்காலம்

"நீங்கள் என்ன இன்ஜினியரா?" என்று பீளமேட்டுத் தம்பி கேட்டிருக்கிறார். இல்லைங்க தம்பி. டவுன் பஸ்ஸில் கண்டக்டராகச் சேர்ந்து டைம் கீப்பராக ரிட்டயர் ஆனவன். ஸ்டேடியம் எப்படிக் கட்டுவது என்று எனக்குத் தெரியாது. தைப்பூசத்துக்கு மருதமலை அடிவாரத்தில் சேருகிற கூட்டத்தை எப்படி ஊருக்குள் திருப்பி அனுப்புவது என்பது தெரியும். இனிமேல் எழுதுவதெல்லாம் அந்தப் பக்கத்திலிருந்துதான்.

25.11.2025

கணக்குப் போடுவோம். 30,000 சீட் என்பது நானாக வைத்துக்கொண்ட எண். யாரும் அறிவித்ததாகப் பரப்பிவிடாதீர்கள்.

முதலில் நிலம். 2024 ஏப்ரலில் முதல்வர் அறிவித்த பிறகு பேச்சில் இருப்பது சுமார் 20 ஏக்கர். கிரிக்கெட் மைதானத்தின் குறுக்களவு 150 மீட்டர் என்றால், சுற்றிலும் கேலரி சேர்த்து 230 மீட்டராவது வரும். அந்த வட்டமே 10 ஏக்கருக்கு மேல். மிச்சம் 10 ஏக்கர்கூட இல்லை. அதற்குள் பயிற்சி மைதானம், ஜெனரேட்டர், ஆம்புலன்ஸ் வழி, போலீஸ் வண்டி, டிவிக்காரர்கள் வண்டி எல்லாம் அடங்க வேண்டும்.

இப்போது வண்டிகள். பாதிப்பேர் டூவீலரில், வண்டிக்கு இரண்டு பேர்: 7,500 வண்டி. ஒரு வண்டிக்கு நடக்கிற வழியோடு சேர்த்து 3 சதுர மீட்டர் வைத்தால் ஐந்தரை ஏக்கர். கால்வாசிப்பேர் காரில், காருக்கு நாலு பேர்: 1,875 கார். ஒரு காருக்கு, திரும்பும் வழியோடு, 25 சதுர மீட்டர்: பதினொன்றரை ஏக்கர். ஆக பார்க்கிங்குக்கே 17 ஏக்கர். இருப்பதோ பத்துக்கும் கீழே.

மீதி 7,500 பேர் பஸ்ஸில். பஸ்ஸுக்கு 60 பேர் என்றால் 125 பஸ். இதற்குத் தனியாக வருகிறேன், ஏனென்றால் இதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

26.11.2025

சிங்காநல்லூர் அண்ணன் ஒருவர், கோயம்புத்தூரில் எவன் காரை எடுத்துக்கொண்டு மேட்சுக்குப் போகிறான், எல்லாம் டூவீலர்தான் என்கிறார். சரி, மாற்றிப் போடுவோம். 60 சதவீதம் டூவீலர், 15 சதவீதம் கார். 9,000 டூவீலருக்கு 6.7 ஏக்கர், 1,125 காருக்கு 6.9 ஏக்கர். 13.6 ஏக்கர் ஆச்சு. கொஞ்சம் இறங்கியது, ஆனாலும் அடங்கவில்லை. யார் எப்படித் திருப்பிப் போட்டாலும் கார்தான் இடத்தைத் தின்கிறது. காரில் 4,500 பேர், டூவீலரில் 18,000 பேர், இடம் மட்டும் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே.

மாடி பார்க்கிங் கட்டலாம் என்று இன்னொருவர். கட்டலாம். ராத்திரி 11 மணிக்கு ஐந்து மாடியிலிருந்தும் ஒரே நேரத்தில் இறங்கி எல்லாரும் ஒரே கேட்டில் நிற்பார்கள். ஹாரன் அடிக்க வசதியாக இருக்கும்.

26.11.2025, மதியம்

ஒன்று விட்டுப்போச்சு. வாசல். இங்கிலாந்தில் விளையாட்டரங்கப் பாதுகாப்புக்கு ஒரு கையேடு வைத்திருக்கிறார்கள், உலகம் பூராவும் ஸ்டேடியம் கட்டுகிறவர்கள் அதைப் பார்க்கிறார்கள். சமதளமான வழியில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிஷத்துக்கு 82 பேர், படிக்கட்டில் 66 பேர். கேலரியை விட்டு வெளியேற 8 நிமிஷத்துக்கு மேல் ஆகக்கூடாது. நம்ம 30,000 பேருக்கு இதைப் போட்டால் சமதள வழி மொத்தமாக 46 மீட்டர் அகலம் வேண்டும், படிக்கட்டு என்றால் 57 மீட்டர். நாலு மீட்டர் கேட் என்றால் 12 கேட், பன்னிரண்டும் திறந்திருக்க வேண்டும். நம்ம ஊர்ப் பழக்கத்தில் இரண்டைத் திறந்துவிட்டு மீதிக்குச் சங்கிலி போடுவார்கள் பாருங்க, அதற்கு இந்தக் கணக்கில் இடம் கிடையாது.

பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியத்தில் 2025 ஜூன் 4 அன்று கூட்ட நெரிசலில் 11 பேர் இறந்தது மைதானத்துக்குள்ளே இல்லை, வாசலுக்கு வெளியே. கரூர் வேலுசாமிபுரத்தில் செப்டம்பர் 27 அன்று 41 பேர். அங்கே ஸ்டேடியமும் இல்லை, கேட்டும் இல்லை, ரோடு மட்டும்தான். கரூர் நம்ம ஜனம். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மனசு வரவில்லை.

30.11.2025

இப்போது பஸ்.

125 பஸ்ஸில் ஆள் ஏற்றுவது பெரிய காரியம் இல்லை. பத்து பஸ் பக்கத்தில் பக்கத்தில் நிற்க இடம் இருந்து, கீழேயே டிக்கெட் போட்டுவிட்டால், மூன்று நிமிஷத்தில் ஒரு பஸ் நிறையும். மணிக்கு 200 பஸ் கிளப்பலாம், 125-ஐ முக்கால் மணி நேரத்துக்குள் அனுப்பிவிடலாம். ஆட்டம் முடியும்போது அந்த 125 காலி பஸ்ஸும் எங்கே நிற்கும் என்பதுதான் விவகாரம். ஒரு பஸ் 12 மீட்டர் நீளம். ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக இடைவெளியே இல்லாமல் நிறுத்தினாலும் ஒன்றரைக் கிலோமீட்டர். திருச்சி ரோட்டில் ஒன்றரைக் கிலோமீட்டர் பஸ்ஸை நிறுத்தினால், உள்ளே ஆட்டம் முடிவதற்குள் வெளியே ஊர் முடிந்துவிடும்.

இரண்டாவது, நேரம். டி20 ஆட்டம் ஏழரைக்கு ஆரம்பித்தால் முடிய 11 ஆகும், பரிசு கொடுப்பதைப் பார்த்துவிட்டு வந்தால் இன்னும் தாமதம். டவுன் பஸ் டிரைவரும் கண்டக்டரும் அதற்கு முன்பே கடைசி டிரிப்பை முடித்து, கலெக்ஷன் கட்டிவிட்டு, டெப்போவில் பாய் விரித்திருப்பார்கள். ஸ்பெஷல் பஸ் என்றால் தனி டியூட்டி போட வேண்டும், மறுநாள் அவர்களுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும், மறுநாள் காலை முதல் டிரிப்புக்கு வேறு ஆள் வேண்டும். 125 பஸ் ஸ்பெஷல் என்பது உண்மையில் 250 பேரின் டியூட்டி சீட்டு. திட்ட அறிக்கை எழுதுகிறவர்கள் இந்த வரியை எழுதுவதே இல்லை.

மருதமலையில் நாங்கள் செய்தது சாதாரண விஷயம்தான். தைப்பூசத்தன்று மலைமேல் சொந்த வண்டியை விடுவதில்லை, பஸ்ஸிலோ படியிலோ போக வேண்டும். ரோட்டில் வேறு வண்டி இல்லாததால் பஸ் போய்க்கொண்டே, வந்துகொண்டே இருக்கும். பண்ணாரி குண்டத்துக்கும் அப்படித்தான், சத்தி, கோபி, ஈரோடு, கோவை என்று நாலு பக்கமும் ஸ்பெஷல். எங்கே ஏறினாலும் எங்கே இறங்குவோம் என்று ஜனத்துக்குத் தெரியும். கோயில் கூட்டத்தை அனுப்பத் தெரிந்த ஊருக்கு கிரிக்கெட் கூட்டம் ஒன்றும் புதுசு இல்லை. வித்தியாசம் ஒன்றுதான்: கோயில் கூட்டம் நாள் பூராவும் வந்து போகும், கிரிக்கெட் கூட்டம் கடைசிப் பந்து விழுந்ததும் மொத்தமாக எழுந்திருக்கும்.

30.11.2025, இரவு

மேலே எழுதியதற்குச் சின்னத் திருத்தம், கோபிக்காரர் சுட்டிக்காட்டியது. மொத்தமாக எழுந்திருக்கும் என்பது ஜெயித்தால்தான். தோற்கிற ஆட்டம் என்றால் 16-வது ஓவரிலேயே பாதிப்பேர் கிளம்பிவிடுவார்கள். போக்குவரத்துப் போலீசுக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது என்கிறார். ஒத்துக்கொள்கிறேன்.

3.12.2025

"அவிநாசி ரோட்டில் 10 கிலோமீட்டர் மேம்பாலம் வந்தாச்சு, இன்னும் என்ன?" என்று ஒரு கேள்வி.

ஜி.டி.நாயுடு மேம்பாலம் 2025 அக்டோபர் 9 அன்று திறந்தார்கள். உப்பிலிபாளையத்தில் ஏறினால் கோல்டுவின்ஸில் இறங்கலாம். நல்ல பாலம், நானே போய்வந்தேன், சிக்னல் இல்லாத அவிநாசி ரோட்டைப் பார்க்கவே விசித்திரமாக இருந்தது. ஆனால் அது அவிநாசி ரோடு. கோல்டுவின்ஸில் இறங்கி, நீலாம்பூர் போய், பைபாஸ் பிடித்து ஒண்டிப்புதூர் பக்கம் வர வேண்டும். நீலாம்பூரிலிருந்து மதுக்கரை வரை 28 கிலோமீட்டர் பைபாஸ், இருவழிப் பாதை, லாரிகள். அது திருச்சி ரோட்டை வெட்டுகிற இடம் சிந்தாமணிப்புதூர். அந்தச் சந்திப்பில் சாதாரண நாளில் நின்றிருக்கிறவர்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

திருச்சி ரோட்டுப் பாலம்? ரெயின்போவில் ஏறி ராமநாதபுரம் தாண்டி இறங்குவீர்கள். அப்புறம் சிங்காநல்லூர் சிக்னல் உங்களுக்காகக் காத்திருக்கும். பாலத்தில் ஐந்து நிமிஷம் மிச்சம், சிக்னலில் அது போய்விடும்.

3.12.2025, கொஞ்ச நேரம் கழித்து

வெள்ளலூர் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். 2020-இல் ஆரம்பித்த ஒருங்கிணைந்த பஸ் ஸ்டாண்ட், 61 ஏக்கர், 168 கோடி ரூபாய் மதிப்பீடு, ஆட்சி மாறியபின் பாதிக் கட்டுமானத்தில் நின்றது. யார் பக்கம் நியாயம் என்ற சண்டைக்கு நான் வரவில்லை. அந்த இடத்தில் காலி பஸ்களை நிறுத்தி வைக்கலாமே என்பது நல்ல யோசனைதான், 125 பஸ்ஸும் அடங்கும். ஆனால் வெள்ளலூர் ரோடு வந்து ஏறுவது அதே சிங்காநல்லூரில். ராத்திரி பத்தரைக்குப் போலீஸ் அந்த ரோட்டைப் பஸ்ஸுக்கு மட்டும் என்று ஒதுக்கினால் நடக்கும். ஒதுக்காவிட்டால் 125 பஸ்ஸும் ஜனமும் எதிரெதிரே நின்று முகம் பார்த்துக்கொள்ளும்.

7.12.2025

வாழப்பாடிக் கதை. கேட்டவர்களுக்காக.

சேலத்துக்காரர்கள் வாழப்பாடி பக்கம் காட்டுவேப்பிலைப்பட்டியில் ஒரு மைதானம் கட்டினார்கள், 2020 பிப்ரவரியில் திறப்புக்கு ராகுல் டிராவிட் வந்திருந்தார். அழகான மைதானம், பின்னால் மலை. டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) ஆட்டம் ஒன்றுக்கு மருமகனோடு போனேன். போகும்போது சுகம், பகலில் பஸ் கிடைத்தது. ஆட்டம் முடிந்து ஹைவேயில் வந்து நின்றால், சென்னையிலிருந்து வருகிற பஸ் எதுவும் நிற்கவில்லை. நிறுத்தமே இல்லாத இடத்தில் எப்படி நிறுத்துவான்? நான் டியூட்டியில் இருந்திருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டேன். கடைசியில் காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பிய டெம்போவில் பின்னால் ஏறி சேலம் வந்தோம். மருமகனுக்கு அன்றைக்கு எந்த அணி ஜெயித்தது என்பது மறந்துபோச்சு, டெம்போ மறக்கவில்லை. ஊருக்கு வெளியே மைதானம் கட்டுகிறவர்கள் எல்லாரும் நிலம் மலிவு என்பார்கள். புனேயில் கஹுஞ்சே ஸ்டேடியமும் எக்ஸ்பிரஸ் ரோட்டுப் பக்கம்தான். மிச்சப்பட்ட நிலத்தின் விலையை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பார்க்க வருகிறவன் தவணையில் கட்டுகிறான்.

7.12.2025, இரவு

ஒண்டிப்புதூருக்கு ஒரு பெரிய கொடுப்பினை உண்டு, அதைப் பற்றி யாரும் பேசக் காணோம். ரயில்.

இருகூரிலிருந்து தடம் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பீளமேடு, வடகோவை வழியாக ஜங்ஷன். இன்னொன்று சிங்காநல்லூர் வழியாக நேரே போத்தனூர். கேரளா போகிற ரயில்கள் கோவை ஜங்ஷனுக்கு வராமல் இந்தக் குறுக்குத் தடத்தில் ஓடிவிடுகின்றன என்று நம்ம ஊர் எத்தனை வருஷம் வயிறெரிந்தது! அதே தடத்தின் ஓரத்தில்தான் இப்போது ஸ்டேடியம் பேசுகிறோம்.

மேட்ச் பார்க்க யார் வருவார்கள் என்று யோசியுங்கள். கோவைக்காரர்கள் மட்டுமா? திருப்பூர் பனியன் கம்பெனிப் பையன்கள், சோமனூர், ஈரோடு, சங்ககிரி, சேலம். இத்தனை ஊரும் ஒரே ரயில் தடத்தில் வரிசையாக இருக்கின்றன. ஆட்டம் முடிந்ததும் இருகூரிலிருந்து ஒரு மெமு, அதாவது பக்கத்து ஊர்களுக்கு ஓடுகிற மின்சார ரயில், கிளம்பி சோமனூர், திருப்பூர், ஈரோடு என்று நின்று போனால் ஆயிரம் பேருக்கு மேல் ஒரே வண்டியில் போய்விடுவார்கள். இன்னொன்று போத்தனூர் வழியாக ஜங்ஷன். இரண்டு ரயில் விட்டால் 35 பஸ் மிச்சம். பஸ்காரன் நானே சொல்கிறேன்.

அதற்குப் புது ரயில் பாதை வேண்டாம். இருகூர், சிங்காநல்லூர் ஸ்டேஷன்களில் பிளாட்பாரம் நீளம், விளக்கு, ஸ்டேடியத்திலிருந்து ஸ்டேஷனுக்கு வண்டி நுழையாத ஒரு நடைபாதை. மேம்பாலத்துக்கு ஆகும் செலவில் சில்லறை. சேப்பாக்கத்தில் 2023 முதல் ஐபிஎல் டிக்கெட்டைக் காட்டியே மெட்ரோவில் போய்வந்தார்கள், கடைசி வண்டியின் நேரத்தையும் தள்ளி வைத்தார்கள். இங்கே மெட்ரோ இல்லை, மெமு இருக்கிறது. டிக்கெட் விலையிலேயே ரயில் கட்டணத்தைச் சேர்த்துவிட வேண்டியதுதான்.

9.12.2025

சூலூர் வாசகர் திரும்ப வந்திருக்கிறார்: "அப்படியென்றால் கட்டலாம் என்கிறீர்களா, வேண்டாம் என்கிறீர்களா?"

கட்டலாம். இத்தனை சீட் என்று முதலில் முடிவு செய்துவிட்டு வழியை அப்புறம் தேடக்கூடாது, அவ்வளவுதான். ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரை அங்கிருந்து அனுப்ப முடியும்? பஸ்ஸில் இத்தனை, ரயிலில் இத்தனை, டூவீலரில் இத்தனை, நடந்து போகிற ஒண்டிப்புதூர், இருகூர் ஜனம் இத்தனை. கூட்டிப் பாருங்கள், அதுதான் சீட் கணக்கு. 18,000 வந்தால் 18,000 கட்டுங்கள், ரயில் அங்கே நின்று போக ஆரம்பித்த பிறகு கேலரியைக் கூட்டுங்கள். அஸ்திவாரத்தை மட்டும் பெரிதாகப் போட்டு வைக்கலாம்.

பொது ஜனத்தின் காருக்கு அங்கே பார்க்கிங்கே வைக்கக்கூடாது என்பது என் கட்சி. ஊனமுற்றோர் வண்டி, ஆம்புலன்ஸ், டீம் பஸ், போலீஸ். மற்ற கார் எல்லாம் கொடிசியா கண்காட்சி வளாகம் பக்கமோ சூலூர் பக்கமோ நிறுத்திவிட்டு ஸ்பெஷல் பஸ்ஸில் வரட்டும். இதற்குத் திட்டு வரும் என்று தெரியும்.

10.12.2025

வந்தது. படித்தேன். கார் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு கெட்ட வார்த்தை தெரியும் என்று நினைக்கவில்லை.

ஒருவர் மட்டும் நியாயமாகக் கேட்டிருந்தார், குழந்தையோடும் வயசான அப்பாவோடும் வருகிறவர் என்ன செய்வார் என்று. சரிதான். வயசானவர்களோடு வரும் காருக்கு முன்பதிவு வைத்து ஒரு 200 இடம் ஒதுக்கலாம், ஒன்றேகால் ஏக்கர். நேற்று எழுதிய பட்டியலில் இதையும் சேர்த்துப் படியுங்கள்.

பீளமேட்டுத் தம்பியின் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது: ஆட்டம் முடிந்ததும் ஒரு மணி நேரம் உள்ளேயே கடைகள் திறந்திருக்கட்டும், டீ, தேங்காய் பன், காளான். கோயம்புத்தூர்க்காரனுக்குக் காளான் கிடைத்தால் அரை மணி நேரம் அசையமாட்டான். மூன்றில் ஒரு பங்குக் கூட்டம் அப்படித் தங்கினாலே முதல் அரை மணி நேர நெரிசல் நிறையக் குறையும். பஸ் நிறைய விடுவதைவிட மலிவு. சிரிப்புக்கு எழுதினாரோ என்னவோ, நான் சீரியஸாகத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

14.12.2025

நாளை திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸில் மனு நாள். நான்கு விஷயம் எழுதி வைத்திருக்கிறேன்: சீட் எண்ணிக்கையை முடிவு செய்யும் முன் கூட்டம் வெளியேறும் கணக்கை வெளியிட வேண்டும், இருகூர், சிங்காநல்லூர் ஸ்டேஷன்களை ரயில்வேயோடு பேசி அறிக்கையில் சேர்க்க வேண்டும், ஸ்டேடியத்தை ஒட்டியே பத்து பஸ் நிற்கிற இடமும் காலி பஸ் காத்திருக்கத் தனி இடமும், சிந்தாமணிப்புதூர் சந்திப்பை ஸ்டேடியத்துக்கு முன்பே சரிசெய்ய வேண்டும், பின்னால் அல்ல.

காளானைச் சேர்க்கவில்லை, மனுவைப் படிக்கிற அதிகாரி என்ன நினைப்பாரோ.

14.12.2025, இரவு

பெண்களுக்கான கழிப்பிடத்தை விட்டுவிட்டீர்கள் என்று சோமனூரிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். ஸ்டேடியத்தில் மட்டும் போதாது, பஸ் நிற்கிற இடத்திலும் ஸ்டேஷனிலும் வேண்டும் என்கிறார். ஐந்தாவதாகச் சேர்த்தாச்சு. காலை பத்து மணிக்குள் வேறு யாருக்காவது ஏதாவது தோன்றினால் எழுதுங்கள், பேனாவால் ஓரத்தில் எழுதிக்கொள்கிறேன்.